முதலில் மான், பிறகு மாதா

என் அன்புக்கும் வம்புக்கும் எப்போதும் அகப்பட்டுக்கொள்ளும் பிலோமினா மதினிக்கு,

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் கோடியக்கரைக்குப் போகிறோம். ஆமாம் மதினி, புல்வெளி பார்க்கத்தான். நீங்கள் இங்கே இருந்தால் இந்நேரம் கையில் இருக்கிற கரண்டியை அப்படியே போட்டுவிட்டு, "நெசமாவா அமலி?" என்று அடுப்படியிலிருந்து ஓடி வந்திருப்பீர்கள். நிஜம்தான்.

வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்கு முருகேசன் வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிடுவான். பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் நடுவில், பழனிக் கூட்டம் ரோட்டை அடைப்பதற்கு முன்னால், நல்ல நாளாகப் பார்த்துப் பிடித்திருக்கிறோம். வனத்துறைக்கு எழுதிப்போட்டு அனுமதி வாங்கியாயிற்று. வேதாரண்யத்தில் தங்குவதற்கு அறை சொல்லியாயிற்று. எட்டுப் பேர் பெயர் கொடுத்தாயிற்று. எல்லாம் சரியாக இருக்கிறது, ஒன்றைத் தவிர. அண்ணன் வரமாட்டேன் என்கிறார். பயணத்துக்கு நேரம் போட்டுக் கொடுத்தவரே அவர்தான். அந்த லிஸ்டில் அவர் பெயர் மட்டும் இல்லை. இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. அவரை விட்டுவிட்டு நாங்கள் போய் என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

இந்தக் கடிதம் எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பழைய மாணவிகள் சேர்ந்து உங்கள் நினைவாக ஒரு மலர் போடுகிறார்கள். இரண்டு பேர் என் தையல் கடைக்கே வந்து, "டீச்சரப் பத்தி ஒரு பக்கம் எழுதித் தாங்க அத்தை" என்று கேட்டார்கள். ஒரு பக்கமாம்! நான் என்றைக்கு ஒரு பக்கத்தோடு நிறுத்தியிருக்கிறேன்? அதுவும் தவிர, உங்களைப் பற்றி ஊருக்குச் சொல்ல எனக்கு வராது. உங்களிடம் பேசத்தான் வரும். நான் பேசிக்கொண்டிருக்கிறேன், அவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. பிலோமினா டீச்சர் என் அண்ணன் சேசுராஜின் மனைவி. திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் புவியியல் எடுத்தவர். அண்ணன் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று நோட்டில் எழுதி, விசில் ஊதி அனுப்புகிற வேலை. இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். விசில்தான் இல்லை, மற்றபடி அப்படியேதான் இருக்கிறார். நான் அவருடைய தங்கச்சி. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு யூனிபார்ம் தைக்கிறேன். மதினியும் நானும் ஒரே காம்பவுண்டில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் பதினெட்டு வருஷம் இருந்தோம். நாத்தனாரும் மதினியும் அப்படி இருக்க முடியுமா என்று தெருவே கண் வைத்தது.

மதினி, உங்கள் புல்வெளிப் பாடம் எனக்கு இன்னும் மனப்பாடம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கூட்டமாக உங்கள் வீட்டுக்கு வந்து ஒப்பிக்கும்போது, நான் சுவருக்கு இந்தப் பக்கம் சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டே கேட்டது. வட அமெரிக்கா பிரெய்ரி, தென் அமெரிக்கா பாம்பாஸ், ரஷ்யா ஸ்டெப்பி, ஆப்பிரிக்கா வெல்டு, ஆஸ்திரேலியா டவுன்ஸ். இன்றைக்கும் தையல் மிஷினை மிதிக்கும்போது கால் அந்தத் தாளத்துக்குத்தான் போகிறது. பிரெய்ரி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, ஆனால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து முகம் ஒரு மாதிரியாக வந்தீர்கள். என்ன என்று கேட்டேன். ஒரு பிள்ளை எழுந்து நின்று, "டீச்சர், நீங்க புல்வெளி பாத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டாளாம். வேறு யாராக இருந்தாலும் "உக்காருடி" என்று அதட்டியிருப்பார்கள். நீங்கள், "இல்லம்மா, பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள். "பாக்காமயே இத்தன வருசமாப் பாடம் எடுக்குறேன் அமலி, எனக்கே வெக்கமாப் போச்சு" என்றீர்கள். நான் சிரித்தேன். "மதினி, பூமி உருண்டைன்னுதான் சொல்லிக் குடுக்குறீங்க. அதப் போய்ப் பாத்துட்டா வந்தீங்க?" என்று கேட்டேன். நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் அந்த நினைப்பு உங்களை விட்டுப் போகவில்லை.

அதற்கப்புறம்தான் ஒரு பேப்பரில் வந்த கோடியக்கரைப் படத்தை வெட்டி அட்டையில் ஒட்டினீர்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் புல், நடுவில் முறுக்குக் கொம்போடு ஒரு வெளிமான். நீங்கள் பிறந்தது குஜிலியம்பாறைப் பக்கம். மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் ஆடு என்று பிழைக்கிற ஊர். "எங்க ஊர்ல புல்லு தலய நீட்டுறதுக்குள்ள ஆடு வந்து நிக்கும். ஆடு வாய் வைக்காத புல்லு எம்புட்டு ஒசரம் வளரும்னு ஒரு தடவ பாக்கணும்" என்பீர்கள். மானும் புல்லைத்தானே தின்னும் என்று நான் மடக்குவேன். "அது அளவாத் திங்கும், ஒன்ன மாதிரியா" என்று பதில் வரும். பிரெய்ரிக்குப் போகவா ஆசைப்பட்டீர்கள்? நம் ஊரிலிருந்து ஒரு நாள் வேன் தூரம். அதுவும் வருஷா வருஷம் நாம் போகிற வேளாங்கண்ணியிலிருந்து ஒரு மணி நேரம்.

அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்ட நமக்குப் பதினெட்டு வருஷம் போதவில்லை.

ஒவ்வொரு மே மாதமும் முருகேசன் வேனில் வேளாங்கண்ணி போனோம். மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினோம், கடலில் கால் நனைத்தோம், பிள்ளைகளுக்கு மொட்டை போட்டோம். முடித்துவிட்டு வந்த வழியே வீட்டுக்குத் திரும்பினோம். கோயிலுக்குப் போனவர்கள் நேராக வீட்டுக்குத்தான் வர வேண்டும், வழியில் யார் வீட்டிலும் இறங்கக் கூடாது, எந்த ஊரையும் வேடிக்கை பார்க்கக் கூடாது, கும்பிட்டு வாங்கியதை அங்கேயே விட்டுவிட்டு வந்த மாதிரி ஆகிவிடும். இது எந்த ஞானோபதேசப் புத்தகத்திலும் கிடையாது. பக்கத்து வீட்டு மாரியம்மாள் பழனிக்குப் போனாலும் இதுதான் முறை, நாம் வேளாங்கண்ணிக்குப் போனாலும் இதுதான் முறை. வேதம் வேறாக இருந்தாலும் ஊர் ஒன்றுதானே. தஞ்சாவூரில் உங்கள் சித்தி மகள் வாசலில் நின்று கூப்பிட்டும் நாம் இறங்காமல் கையைக் காட்டிவிட்டு வந்த வருஷம் நினைவிருக்கிறதா?

அந்தக் கடைசி மே மாதத்தையும் எழுதிவிடுகிறேன். மலர் போடுகிறவர்கள் வேண்டுமானால் இந்தப் பத்தியை வெட்டிக்கொள்ளட்டும், நான் சொல்லாமல் விடமாட்டேன். வேளாங்கண்ணியை விட்டு வேன் ரோட்டுக்கு வந்து நின்றது. இடப்பக்கம் போனால் வேதாரண்யம், வலப்பக்கம் போனால் நாகப்பட்டினம், அப்படியே வீடு. நீங்கள் முன்னால் எட்டி, "முருகேசா, அந்தப் பக்கம் போனா கோடியக்கரைதான?" என்று கேட்டீர்கள். அவன் சந்தோஷமாக, "ஆமாங்க டீச்சர், ஒரு மணி நேரந்தான். போவமா?" என்றான். அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பின் சீட்டிலிருந்து நான்தான் கத்தினேன். "கோயிலுக்கு வந்தவங்க நேரா வீட்டுக்குப் போகணும் மதினி! மாதா குடுத்ததக் காட்டுல எறக்கி வச்சுட்டுப் போறதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்?" எல்லோரும் ஆமாம் போட்டார்கள். நீங்கள் சிரித்துக்கொண்டே, "சரி சரி, மான் எங்க போயிரப் போகுது" என்று சொல்லிச் சாய்ந்து உட்கார்ந்தீர்கள்.

மான் எங்கேயும் போகவில்லை. நீங்கள்தான் போய்விட்டீர்கள். மூன்று வாரக் காய்ச்சல், அவ்வளவுதான். அதற்கு அடுத்த மே மாதம் வரை பொறுக்க முடியவில்லை. அன்றைக்கு வேனில் சிரித்தீர்களே மதினி, அது நிஜச் சிரிப்புத்தானா? நான் பல நாள் யோசித்திருக்கிறேன். நீங்கள் ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கலாம்.

சரி, அழுகை போதும். நீங்கள் அழ விடமாட்டீர்கள். இந்தப் பயணம் எப்படிக் கிளம்பியது என்று கேளுங்கள். உங்கள் மகன் பிரிட்டோ பெங்களூரிலிருந்து போன் பண்ணினான். "அத்த, எனக்கு ஜனவரியில ஒரு வாரம் லீவு. அம்மா ஆசப்பட்ட எடத்துக்குப் போவமா? மே மாசம் போனா காஞ்சு கெடக்குமாம். மழ முடிஞ்சு போனாத்தான் புல்லு பச்சையா இருக்குமாம்" என்றான். பார்த்தீர்களா, பதினெட்டு வருஷமும் நாம் போன மாதமே தப்பு. நான் அன்றைக்கே பாதி யூனிபார்மை அப்படியே போட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் போனதிலிருந்து அவர் ஊரைத் தாண்டவில்லை. காலையில் பூசை, சாயங்காலம் கல்லறைத் தோட்டம், நடுவில் பேப்பர். குழம்பும் வெஞ்சனமும் நான் கொடுத்துவிடுகிறேன், சோறு அவரே வடிக்கிறார், குழையவிடாமல் நேரம் பார்த்து இறக்குகிறார். பிரிட்டோ பெங்களூருக்குக் கூப்பிட்டான், போகவில்லை. இத்தனை வருஷம் ஊரையெல்லாம் பஸ் ஏற்றி அனுப்பியவருக்கு ஒரு பஸ்ஸில் ஏற மனசில்லை.

ஆனாலும் பயணம் என்றதும் டைம் கீப்பர் புத்தி விழித்துக்கொண்டது. "நான் டைம் போட்டுத் தாரேன்" என்று கிழித்த காலண்டர் தாளைத் திருப்பிப்போட்டு பென்சிலை எடுத்தார். முதல் தடவை போட்டதை நீங்கள் பார்க்க வேண்டுமே! மணப்பாறை டீ, பதினைந்து நிமிஷம். திருச்சி இட்லி, இருபது நிமிஷம். கோடியக்கரைப் புல்வெளி, இருபத்தைந்து நிமிஷம். "என்னண்ணே, இட்லிக்கு இருபது, மானுக்கு இருபத்தஞ்சா?" என்று கேட்டேன். "அஞ்சு நிமிசம் சேத்துத்தான போட்டுருக்கேன்" என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

வனத்துறைக்கு அனுமதி கேட்டு எழுதியதும் அவர்தான். 'பொருள்: புல்வெளியைப் பார்வையிட அனுமதி வேண்டுதல்' என்று ஆரம்பித்து, வேன் நம்பர் முதல் ஸ்டெப்னி டயர் வரை எழுதிவிட்டார். அங்கே ஆபீசில் என்ன நினைத்தார்களோ, சட்டென்று அனுமதி வந்துவிட்டது. நான் போன் பண்ணியபோது ஒரு காவலர் எடுத்தார். தன்மையான மனுஷர். "சத்தம் போடக் கூடாதும்மா. சத்தம் கேட்டா மான் நிக்காது. பளிச்சுன்னு துணி கட்டிக்கிட்டு வராதீங்க" என்றார். எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று கேட்டேன். "வெளிச்சம் இருக்கிற வரைக்கும் இருங்க. மான் வந்தாப் பாருங்க. வரலைன்னாலும் புல்லு இருக்குல்ல" என்றார். அதை அண்ணனிடம் சொன்னதற்கு, "வெளிச்சம் எத்தன மணி வரைக்கும்னு கேட்டியா?" என்கிறார். இந்த மனுஷனோடு எப்படித்தான் குடும்பம் நடத்தினீர்கள்?

இனிமேல்தான் முக்கியமான கதை. வழி போடும்போது அந்தப் பழைய முட்டுக்கட்டை வந்தது. "கோடியக்கரைக்குப் போகணும்னா வேளாங்கண்ணிக்கும் போகாம வர முடியாது. மாதாவத் தாண்டிப் போயிட்டு வந்தா நல்லாவா இருக்கும்?" என்றேன் நான். "போனா நேரா வீட்டுக்கு வரணும்" என்றார் அண்ணன். "அப்ப கோடியக்கரை?" என்றேன். அவர் பென்சிலால் மெதுவாக வழியைத் தடவிக்கொண்டே போனார். வடமதுரை, மணப்பாறை, திருச்சி, தஞ்சாவூர். தஞ்சாவூரில் பென்சில் நின்றுவிட்டது.

"ஏத்தா அமலி."

"என்னண்ணே?"

"தஞ்சாவூர்ல இருந்து மன்னார்குடி, திருத்துறைப்பூண்டின்னு போனா மொதல்ல வேதாரண்யந்தான வரும்?"

"ஆமா."

"கோடியக்கரைய மொதல்ல பாத்துட்டு, அப்புறம் வேளாங்கண்ணிக்கு வந்தா?"

"வந்தா?"

"மாதாவக் கும்பிட்டுட்டு நேரா வீட்டுக்கு வந்துரலாம்ல?"

கேட்டீர்களா மதினி? கோயிலுக்குப் போய்விட்டு வேறு இடத்துக்குப் போகக் கூடாது என்றுதானே சொன்னார்கள்? வேறு இடத்துக்குப் போய்விட்டுக் கோயிலுக்குப் போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! பதினெட்டு வருஷம், மதினி. ஒரு புவியியல் டீச்சர், ஒரு டைம் கீப்பர், ஒரு வேன் டிரைவர். ரோடு தெரிந்த மூன்று பேர் ஒரே வண்டியில் உட்கார்ந்துகொண்டு, முதலில் மான், பிறகு மாதா என்று மாற்றிப்போட ஒருவருக்கும் தோன்றவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்றால் நம் கதைதான்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணனும் சிரித்தார். நீங்கள் போன பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவர், பென்சிலைக் கீழே வைத்துவிட்டு உங்கள் போட்டோவைப் பார்த்தார். அப்புறம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். "இம்புட்டு லேசா இருந்துச்சேத்தா" என்றார். "அவ பாக்காதத நான் போயி என்னத்தப் பாக்க? நீங்க போயிட்டு வாங்க. நான் டைம் மட்டும் போட்டுத் தாரேன்." அதோடு சரி. பெயர் லிஸ்டில் எட்டுப் பேர் எழுதினார், ஒன்பதாவது பெயர் எழுதவில்லை.

மறுநாள் நான் அந்த வேன் கதையை எடுத்தேன். "அண்ணே, அன்னைக்கு வேண்டாம்னு கத்துனது நான். நீங்க எதுக்குப் பழிய ஒங்க தலைல போட்டுக்குறீங்க?" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ கத்துன. வண்டிக்குப் பெரிய மனுசன் யாரு? இடப்பக்கம் திருப்புடான்னு நான் ஒரு வார்த்த சொல்லிருந்தா முடிஞ்சது. நான் வாச்சப் பாத்தேன்" என்றார். "நான் கத்துனதுனாலதான் நீங்க சொல்லல" என்றேன். "ஒன் கத்தலுக்கு நான் என்னைக்குப் பயந்தேன்?" என்றார். அண்ணனும் தங்கச்சியும் சொத்துக்குச் சண்டை போட்டதில்லை மதினி, உங்கள் விஷயத்தில் யார் பெரிய குற்றவாளி என்று அரை மணி நேரம் சண்டை போட்டோம். பழியைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார்.

அந்த நேரம் பார்த்து முருகேசன் வந்தான். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஐயா, ஸ்டேரிங் என் கையிலதான இருந்துச்சு? டீச்சர் கேட்டாங்க, நான் பேசாமத் திருப்பிருக்கணும். நானுந்தான் திருப்பல" என்றான். சண்டை இப்போது மூன்று பேருக்கும் ஆகிவிட்டது. கடைசியில் அவனே, "சரிங்கய்யா, மூணு பேரும் தப்புப் பண்ணிருக்கோம். மூணு பேரும் போயி நின்னாத்தான் முறை. ரெண்டு பேரு மட்டும் போயி நின்னா டீச்சர் அட்டெண்டன்ஸ்ல ஒங்களுக்கு ஆப்சென்ட் போட்டுருவாங்க" என்றான். அண்ணன் உதட்டோரம் ஒரு துளி சிரிப்பு வந்தது. உடனே எழுந்து உள்ளே போய்விட்டார். நான் இதை எழுதுகிற இந்த நிமிஷம் வரை வருகிறேன் என்று சொல்லவில்லை.

இதற்கு நடுவே தெருக்காரர்கள் கூத்து வேறு. நாம் வேளாங்கண்ணி போகிறோம் என்றால் தெருவே மூட்டை கட்டிக் கொடுக்குமே, அதே மாதிரிதான். ரோசம்மா தன் பேரன் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி வாங்கி வந்து நீட்டினாள். முதலில் கோடியக்கரை, அடுத்துத்தான் வேளாங்கண்ணி என்றேன். "மாதாவக் காக்க வச்சுட்டா மானப் பாக்கப் போறீங்க?" என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். மெழுகுதிரியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை, கொடுத்துவிட்டுத்தான் போனாள். இரண்டு நாள் வேனில் அது வளையாமல் இருக்க வேண்டுமே என்பது என் கவலை. எனக்கும் உள்ளே கொஞ்சம் உறுத்தல்தான். பூசை முடிந்ததும் சாமியாரிடமே போய், "ஃபாதர், இந்த மாதிரி மாத்திப் போறது தப்பா?" என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "வேன்ல இன்னொரு சீட் இருக்கா?" என்றார். இருந்தது, ஆனால் அது ஒருவருக்காக வைத்திருக்கிற சீட் என்று சொல்லிவிட்டேன். புரிந்துகொண்டார்.

உங்கள் நாத்தனார் சும்மா இருப்பாளா? பளிச்சென்று துணி வேண்டாம் என்று காவலர் சொன்னாரல்லவா, எல்லோருக்கும் மிச்சம் கிடந்த காக்கித் துணியில் தொப்பி தைத்துவிட்டேன். ஒன்பது தொப்பி. லீவில் வந்து இறங்கிய பிரிட்டோ பார்த்துவிட்டு, "அத்த, மான் நம்மளப் பாத்துட்டு ஃபாரஸ்ட் ஆபீசர்னு சல்யூட் அடிக்கப் போகுது" என்கிறான். ஒன்பதாவது தொப்பியை அண்ணனுக்கு அளவெடுக்காமலே தைத்தேன். அவர் தலை எனக்குத் தெரியாதா? அதை இன்னும் கொடுக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

இதுவரை எழுதி வைத்துவிட்டு மூன்று நாள் தொடவில்லை. இன்று புதன்கிழமை. நாளைக் காலை வேன்.

சாயங்காலம் நான்கு மணிக்கு அண்ணன் சைக்கிளில் கடைக்கு வந்தார். கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற நேரத்துக்கு இன்னும் ஒன்றரை மணி இருந்தது. கார்பன் வைத்து நான்கு பிரதி எடுத்த டைம் ஷீட்டை மிஷின் மேல் வைத்தார். "கடைசித் திருத்தம். இதுதான் பைனல். டிரைவர்ட்ட ஒண்ணு, பிரிட்டோட்ட ஒண்ணு" என்றார். நான் முதலில் பெயர்களைத்தான் பார்த்தேன். எட்டுப் பேர்தான். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. கீழே பார்த்துக்கொண்டே போனேன். திண்டுக்கல் புறப்பாடு ஐந்து மணி. மணப்பாறை வருகை, புறப்பாடு. திருச்சி வருகை, புறப்பாடு. தஞ்சாவூர், மன்னார்குடி, வேதாரண்யம் எல்லாம் நிமிஷக் கணக்கில். கோடியக்கரை, வருகை மூன்றரை மணி. புறப்பாடு என்ற இடத்தில் ஒன்றும் இல்லை. நான்கு பிரதியிலும் அந்தக் கட்டம் காலி.

தன் சர்வீஸ் முழுக்க ஒரு புறப்பாட்டைக்கூட எழுதாமல் விட்டவரில்லை. சரி, வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, "அண்ணே, இதுல ஒண்ணு எழுத விட்டுப்போச்சு" என்று காட்டினேன்.

"விட்டுப்போகல" என்றார். என்னைப் பார்க்கவில்லை, மிஷின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் டிரைவருக்கு எப்பிடித் தெரியும்?"

"அத அங்க வச்சு எழுதிக்கிறேன்" என்றார்.

சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எழுதிக்கிறேன் என்று சொன்னாரே, யார் எழுதுவது, எங்கே வைத்து எழுதுவது என்று எனக்கு உறைப்பதற்குள் அவர் தெருமுனையைத் தாண்டிவிட்டார். மதினி, நான் தைத்துக்கொண்டிருந்த சட்டையின் மேலேயே கவிழ்ந்து அழுதேன். யூனிபார்ம் வாங்க வந்த ஒரு தாய், ஏதோ சாவுச் செய்தி என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இல்லம்மா, எங்கண்ணன் ஊருக்குப் போறாரு என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

உடனே முருகேசனுக்குப் போன் போட்டேன். ஒன்பது பேர் என்றேன். "தெரியும்க்கா. மத்தியானமே வந்து, முன் சீட்டு சன்னல் ஓரத்துல யாரையும் ஒக்கார வைக்காதன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு" என்றான். என்னிடம் கடைசியாகத்தான் சொல்லியிருக்கிறார். இருக்கட்டும்.

மதினி, புல் எவ்வளவு உயரம் என்று பிரிட்டோவை ஸ்கேல் வைத்து அளந்து வரச் சொல்லியிருக்கிறேன். மான் வருமா, வராதா, எனக்குத் தெரியாது. ஆனால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், மாதா மேல் ஆணையாக. அந்தப் புல்வெளியில் உங்கள் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுக்கிற வரைக்கும் நான் வாயைத் திறக்கமாட்டேன். கொசு கடித்தாலும் சரி, பொழுது இறங்கினாலும் சரி, போவமாண்ணே என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்.

இடப்பக்கம் திரும்பவிடாமல் அன்றைக்குக் கத்திய,
உங்கள் வாயாடி நாத்தனார்
அமலி